சிவப்பு எச்சரிக்கை யாருக்கு விடுமுறை?

2025 மே மாதம் ஒன்றிய அரசு ‘பாரத் முன்னறிவிப்பு அமைப்பு’ என்ற வானிலை மாதிரியை வெளியிட்டது. 12 கிலோமீட்டருக்கு ஒரு கட்டம் என்று நாட்டைப் பிரித்துக் கணித்தவர்கள், இப்போது 6 கிலோமீட்டருக்கு ஒரு கட்டம் போடுகிறார்கள். ஐரோப்பிய மாதிரிக்கு 9, அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ்ஸுக்கு 13. முந்திவிட்டோம் என்று ஒரே கொண்டாட்டம்.

புனே விஞ்ஞானிகளின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கட்டம் சிறுத்தால் மட்டும் கணிப்பு கூர்மையாகிவிடாது தோழர்களே. ஐரோப்பிய மையத்தின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது: செயற்கைக்கோள், விமானம், கடல் மிதவை என்று கிடைக்கும் தரவையெல்லாம் மாதிரிக்குள் சேர்க்கும் முறை, தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றி 50 தடவை ஓட்டி, எதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் நேர்மை. 2021 டிசம்பர் 30 அன்று சென்னையில் கொட்டிய மழையை நம் வானிலைத் துறையால் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை.

சரி, சொல்லிவிட்டார்கள் என்றே வையுங்கள். 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் என்றால் சிவப்பு எச்சரிக்கை, அதுவும் செங்கல்பட்டு மாவட்டம் முழுமைக்கும். மாடம்பாக்கம் அடுக்ககத்தில் இருப்பவர் லேப்டாப்பைத் திறந்து வீட்டிலிருந்தே வேலை பார்ப்பார். அவர் வீட்டில் பாத்திரம் துலக்க பெரும்பாக்கத்திலிருந்து வரும் அக்காவுக்கு? முழங்கால் தண்ணீரில் வரவேண்டும், இல்லையென்றால் அன்றைய கூலி போச்சு. கூவம், அடையாறு கரைகளிலிருந்து ‘வெள்ள ஆபத்து’ என்று சொல்லித்தான் அவர்களைப் பிடுங்கி எறிந்தார்கள். கொண்டுவந்து வைத்த இடமோ பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் ஓரம்!

தூய்மைப் பணியாளருக்குச் சிவப்பு எச்சரிக்கை என்றால் லீவு ரத்து. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தபின், வெளிமாவட்டங்களிலிருந்து லாரிகளில் ஏற்றிவந்து, கையுறைகூட இல்லாமல் குப்பை அள்ள விட்டார்கள். அவர்கள் எந்தச் சாதி என்று சொல்லவும் வேண்டுமா?

மழைக்குச் சாதி தெரியாது என்பார்கள். தெரியாதுதான். பள்ளத்தில் யாரைக் குடிவைப்பது என்று முடிவெடுக்கும் அலுவலகத்துக்கு நன்றாகவே தெரியும்.

மேம்பாடு என்றால் சூப்பர் கம்ப்யூட்டர் மட்டும் என்று நாம் ஏன் ஒத்துக்கொள்ள வேண்டும்? மறுகுடியமர்வுக் குடியிருப்புகள் ஒவ்வொன்றிலும் தானியங்கி மழைமானி வை. எத்தனை சென்டிமீட்டருக்கு எந்தத் தெருவில் தண்ணீர் ஏறும் என்று சொல். சிவப்பு எச்சரிக்கை நாளில் வீட்டு வேலை, கட்டட வேலை செய்பவர்களுக்குக் கூலி கொடு. கணிப்பு எத்தனை தடவை பலித்தது, எத்தனை தடவை பொய்த்தது என்பதை மாவட்டவாரியாக, தமிழில், வருடாவருடம் வெளியிடு.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். அதற்குள் தாம்பரம் மாநகராட்சிக்கு ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள்: சிவப்பு எச்சரிக்கை நாட்களில் எத்தனை தூய்மைப் பணியாளர்கள் வேலைக்கு அழைக்கப்பட்டார்கள், எத்தனை பேருக்கு பூட்ஸ் கொடுத்தீர்கள்?