அன்னாள் கொண்டுபோன சட்டை



ஞாயிறு ஆராதனையில் ஸ்தோத்திரக் காணிக்கைகளை வாசிக்கும்போது, அண்மைக் காலமாக ஒரே வகையான குறிப்புகள் மிகுதியாக வருவதைக் கவனித்திருப்பீர்கள். மகனுக்கு விசா கிடைத்ததற்காக, மகளுக்கு அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததற்காக, படிப்பு முடிந்து வேலை கிடைத்ததற்காக. இவை யாவும் நன்றி செலுத்தத் தக்கவையே. ஆயினும், அங்கே போன பிள்ளை ஒரு பாடத்தில் தோற்றுவிட்டது, ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று எழுதப்பட்ட ஓர் உறையை என் இருபத்திரண்டு ஆண்டு ஊழியத்தில் ஒருமுறைகூட நான் பிரித்ததில்லை. தோல்வியே இல்லாததால் அல்ல, அதைச் சொல்வதற்கு நாம் இடம் வைக்காததால்தான் என்பதை, 2025 ஜூன் மாதம் ஜெர்மனியில் என் மகளோடு மூன்று வாரம் தங்கியிருந்தபோது உணர்ந்தேன். அவளுடைய சம்மதத்தோடு இதை எழுதுகிறேன்.

அவள் 2023-இல் முதுநிலைப் படிப்பிற்காக அங்கே சென்றாள். அந்நாட்டின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை. அதனால் ஊரார் அதை இலவசப் படிப்பு என்பார்கள். ஆனால் ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை ‘பிளாக்டு அக்கவுண்ட்’ எனப்படும் கணக்கில் முன்கூட்டியே செலுத்திக் காட்டினால்தான் பொதுவாக மாணவர் விசா கிடைக்கும். அவள் சென்ற ஆண்டில் அத்தொகை 11,208 யூரோ. மாதந்தோறும் அதிலிருந்து 934 யூரோ மட்டுமே எடுக்க முடியும். அப்பணத்திற்காக என் தகப்பனார் விட்டுச்சென்ற நிலத்தின்மேல் கடன் வாங்கினோம். கடனைப் பற்றி மகளிடம் ஒருநாளும் குறைவாகப் பேசியதில்லை என்று பெருமையாக எண்ணியிருந்தேன். பேசாமலே அது அவள் தோளில் ஏறியிருந்ததை நான் அறியவில்லை.

என் மனைவி பள்ளி ஆசிரியை. ஜூனில் பள்ளி திறப்பதால் அவளால் வர இயலவில்லை. வராத குறையைப் பெட்டிகளில் நிரப்பினாள். பருப்புப்பொடி, எள்ளுப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய் எல்லாம் ஏறின. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவையும் வைத்தாள். பால் பொருள்களை வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்திற்குள் கொண்டுவர அனுமதி இல்லை என்று மகள் தொலைபேசியில் சொன்னதும், மனமில்லாமல் அதை எடுத்தாள். கடைசியாக, தன் கையால் தைத்த சுடிதார் ஒன்றை மேலே மடித்து வைத்தாள். வீட்டில் இருந்த பழைய அளவுச் சுடிதாரை வைத்துத் தைத்தது அது.

போய்ச் சேர்ந்த முதல் வாரம் எனக்குக் கடினமாக இருந்தது. முப்பது ஆண்டுகளாகப் பிறரை நடத்திப் பழகியவனை மகள் கைப்பிடித்து நடத்தினாள். வாகனம் ஒன்றும் வராத சாலையில் நான் கால் எடுத்து வைத்தால், “அப்பா, சிவப்பு விளக்கு எரியுது, நில்லுங்க. சின்னப் பிள்ளைங்க பார்த்துக்கிட்டு நிக்குறாங்க” என்பாள். ஞாயிறு ஆராதனை முடிந்து அரிசி வாங்கலாம் என்றால், அன்று கடைகள் அடைப்பு. விடியற்காலை ஐந்து மணிக்கு வழக்கம்போல் உரத்த குரலில் கீர்த்தனை பாடத் தொடங்கினேன். அவள் ஓடி வந்து, இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை அமைதி காக்க வேண்டிய நேரம் என்றாள். தேவனைத் துதிப்பதற்கும் நேரக் கட்டுப்பாடா என்று சினந்தேன். அடுத்த அறையில் இரவுப் பணி முடித்து உறங்கும் பிள்ளையும் தேவனுடைய பிள்ளைதானே என்று அவள் மெதுவாகச் சொன்னாள். என்னிடம் மறுமொழி இல்லை.

அம்மா தைத்த சுடிதாரை அவள் உடுத்தி வந்த நாளில்தான் ஒன்றைக் கண்டேன். தோள் இறங்கி, இடுப்பில் மடிப்பு விழுந்து, வேறொருவருடைய உடைபோல் அது தொங்கியது. வாரந்தோறும் காணொளி அழைப்பில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் கைப்பேசியின் திரை தோளுக்குக் கீழே காட்டுவதில்லை. “இளைச்சிட்டியேம்மா” என்றேன். “சமைக்க நேரம் இல்லப்பா” என்று பேச்சை மாற்றினாள். அதன்பின் நானும் கேட்கவில்லை.

இரண்டாம் வாரம் ஹாலே நகருக்குச் சென்றோம். தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு அந்த ஊர் அந்நியமன்று. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு அங்கே பயின்றவர். 1715-இல் தரங்கம்பாடியில் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாட்டிற்கான எழுத்துகள் முதலில் வார்க்கப்பட்டதும் அங்கேதான். ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே ஏற்படுத்திய அநாதை இல்லத்தின் நெடிய கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. அதன் ஆவணக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் உள்ளன. நான் வழிநெடுக மகளுக்கு வரலாறு சொல்லிக்கொண்டு வந்தேன். சிறுவயதிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்தவர் அவர் என்றும், ஏறக்குறைய 24 வயதில் நம் கரைக்கு வந்து சிறுபிள்ளைகளோடு அமர்ந்து மணலில் விரலால் தமிழ் எழுதிக் கற்றவர் என்றும் சொன்னேன். உடல்நலம் குன்றியதால் இதே ஹாலேயில் படிப்பை இடையில் நிறுத்த நேர்ந்தவர் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அவள் நின்றுவிட்டாள். “அவர் படிப்பை முடிக்கலையாப்பா?” என்று கேட்டாள். முற்றத்தில் இருந்த ஒரு பலகையில் அமர்ந்து, நெடுநேரம் கழித்து அதைச் சொன்னாள். ஒரு முக்கியமான பாடத்தில் இரண்டு முறை தோற்றிருந்தாள். அங்கே பல பல்கலைக்கழகங்களில் ஒரு தேர்வை மூன்று முறை மட்டுமே எழுதலாம். மூன்றாம் முறையும் தோற்றால் அந்தப் படிப்பே முடிந்துபோகும். அவளுக்கு எஞ்சியிருந்தது ஜூலையில் ஒரே ஒரு வாய்ப்பு. எட்டு மாதமாக அதைத் தனியே சுமந்திருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீங்க சபையில எனக்காக சாட்சி சொல்லிட்டீங்களேப்பா” என்றாள்.

பிரியமானவர்களே, அந்தக் கணத்தில் என் உள்ளத்தில் முதலில் எழுந்தது இரக்கம் என்று எழுத ஆசைதான். ஆனால் முதலில் எழுந்தது கடன் தொகை. இரண்டாவது, சபையாருக்கு என்ன சொல்வேன் என்ற கவலை. மூன்றாவதாகத்தான் என் பிள்ளையைப் பார்த்தேன்.

அன்னாளின் வரலாற்றைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். பிள்ளையைக் கேட்டுப் பெற்றதையும், சொன்ன சொல் தவறாமல் சீலோவில் விட்டுவந்ததையும் விரித்துப் பேசுவேன். அதன் பின் அவள் ஆண்டுதோறும் ஒரு சிறிய சட்டையைத் தைத்து மகனுக்குக் கொண்டுபோனாள் என்பதை ஒரு வரியில் கடந்துவிடுவேன். இப்போது அவ்வரியைக் கடக்க முடியவில்லை. வளரும் பிள்ளைக்குச் சென்ற ஆண்டின் சட்டை பொருந்தாது. ஒவ்வொரு முறையும் அவள் பிள்ளையைப் புதிதாகப் பார்த்திருக்க வேண்டும். தான் விட்டுவந்த சாமுவேலுக்கு அல்ல, அங்கே இருக்கிற சாமுவேலுக்கே அவள் தைத்திருக்க வேண்டும். நாமோ வழியனுப்பிய நாளின் அளவிலேயே நின்றுவிடுகிறோம். அந்தப் பழைய அளவுக்கு வாழ்த்துகளையும் எதிர்பார்ப்புகளையும் தைத்துக்கொண்டே இருக்கிறோம். அவை பொருந்தவில்லை என்று சொல்லும் துணிவு பிள்ளைகளுக்கு வருவதில்லை.

ஆகவே என் கருத்தைத் தெளிவாகச் சொல்கிறேன். வசதி உள்ள பெற்றோர் ஒருமுறையேனும் பிள்ளை படிக்கும் ஊருக்குப் போய்வாருங்கள். பனிமலையையும் கோபுரத்தையும் படம் பிடிக்க மட்டும் அல்ல, அறையைச் சோதிக்கவும் அல்ல. பிள்ளை உங்களை நடத்திச் செல்ல இடங்கொடுங்கள். நாம் அறியாதவர்களாய் நிற்கும்போதுதான், தாங்களும் அறியாமல் தவித்த நாள்களைப் பற்றிப் பிள்ளைகள் வாய் திறக்கிறார்கள். போக வசதி இல்லாதவர்கள் தாழ்வாக எண்ண வேண்டாம். நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான். தொலைபேசியில் மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன் என்ன சாப்பிட்டாய், யாரோடு சாப்பிட்டாய் என்று கேளுங்கள். “தோற்றாலும் நீ எங்கள் பிள்ளைதான்” என்பதைத் தோற்பதற்கு முன்பே சொல்லிவையுங்கள்.

சபைக்கும் ஒரு வார்த்தை. படிப்பை முடிக்காமல் திரும்பி வந்த பிள்ளைகள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். எப்போது திரும்பிப் போகிறாய் என்ற கேள்விக்கு அஞ்சியே ஆலயத்திற்கு வராதவர்கள் அவர்கள். அந்தக் கேள்வியைக் கைவிடுவோம். பிள்ளைகளின் வெற்றிகளை அறிவிக்கும் அவசரத்தையும் சற்றே தணிப்போம். இதில் முதல் குற்றவாளி நானே.

மகள் ஜூலையில் அந்தத் தேர்வை எழுதினாள், தேறினாள். தேறாதிருந்தாலும் இதை எழுதியிருப்பேன் என்று சொல்ல விரும்புகிறேன். எழுதியிருப்பேனா என்பது கர்த்தருக்கே தெரியும். திரும்பும் நாளில் அவளுடைய இப்போதைய அளவை ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்து மனைவியிடம் கொடுத்தேன். அவள் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, வேதாகமத்திற்குள் வைத்துக்கொண்டாள்.

தூரதேசத்தில் இருக்கும் நம் பிள்ளைகளைக் கர்த்தர் காப்பாராக. அவர்களை இருக்கிறபடியே காணும் கண்களை நமக்குத் தருவாராக. ஆமென்.