பயிற்றங்கொடியில் எறும்பு

"பயிற்றங்கொடியில் எறும்பு மொய்க்கின்றது, புற்றில் மண்ணெண்ணெய் ஊற்றலாமா?" என்று ஒரு சகோதரி வினவியுள்ளார். வேண்டாம், அம்மா! எறும்போடு கொடியின் வேரும் கருகும். இரசாயனம் வேண்டாமென்று பேணிய மண்ணும் கெடும்.

முதலில் இளந்தளிரையும் பிஞ்சையும் திருப்பிப் பாருங்கள். கறுப்பாக அப்பிக் கிடப்பது அழுக்கணவன். கொடியின் சாற்றை உறிஞ்சுவது அதுவேயன்றி எறும்பன்று. அது கழிக்கும் இனிப்பு நீரை நாடியே எறும்பு வருகின்றது. வந்தபின், இடையன் மந்தையைக் காப்பதுபோல் அதனைக் காத்து, அதை உண்ண வரும் பொறிவண்டையும் துரத்துகின்றது. ஆகவே அழுக்கணவனை ஒழித்தால் எறும்புக்கு அங்கே வேலையில்லை.

காலைதோறும் தண்ணீரை விசையாகப் பீய்ச்சி அதனைக் கழுவிவிடுங்கள். நிறைய அப்பியிருக்கும் நுனிகளைக் கிள்ளி அகற்றுங்கள். எஞ்சியவற்றுக்கு, ஒரு லீற்றர் நீரில் ஒரு தேக்கரண்டி சவர்க்காரக் கரைசல் கலந்து, இலையின் கீழ்ப்புறம் படும்படி மாலையில் தெளிக்கலாம். வெயிலில் தெளித்தால் தளிர் வாடும். சாம்பல் தூவுவோரும் உளர். ஒரு மழைக்கு அது நில்லாது.

மற்றப்படி எறும்பு புழுக்களையும் பூச்சி முட்டைகளையும் தின்று நமக்கு உதவுவதும் உண்டு.

கீரை விதையை இழுத்துச் செல்லும் எறும்பின் கதை வேறு. அங்கே பாத்தியின் ஓரத்தில் ஒரு பிடி அரிசிக் குறுணலைத் தூவிவிடுங்கள். அதனை அவை சுமந்துகொண்டிருக்க, நாலைந்து நாளில் விதை முளைத்துவிடும்.