வாப்பா வழியைச் சொல்லும் பரிசோதனை



வெளிநாட்டில் வாழும் நம் பிள்ளைகள் சிலர், கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, "நமது மூதாதையர் யார்?" என்று தேடுகிறார்கள். முடிவு வந்ததும் ஒரு வீட்டில் பெருமை. இன்னொரு வீட்டில் சந்தேகம். அந்தச் சந்தேகமோ, என்றோ மவுத்தாகிவிட்ட ஒரு பெண்ணின் மீது போய் விழுகிறது. ஆகவே இப்பரிசோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை நாம் அறிந்திருப்பது அவசியம்.

ஆண்களின் உடலில் 'வை' நிறமூர்த்தம் என்று ஒன்று உண்டு. அது வாப்பாவிடமிருந்து மகனுக்கும், அவரிடமிருந்து அவர் மகனுக்குமாக இறங்கி வருகிறது. பெண்களுக்கு அது இல்லை. ஆகவே ஒரு பெண் தன் வாப்பா வழியை அறிய விரும்பினால், வாப்பா, அவருடைய மகன், சகோதரன் போன்ற ஆண்வழி உறவினர் ஒருவர்தான் மாதிரி கொடுக்க வேண்டும்.

இப்படி இறங்கும்போது எப்போதாவது சிறு மாற்றங்கள் ஏற்படும். அவற்றை வைத்தே இருவரை ஒப்பிடுகிறார்கள். 12 இடங்கள் மட்டும் ஒத்திருந்தால் அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். நெருங்கிய உறவில்லாதவர்களுக்கும் அப்படி அமையலாம். 37 இடங்களில் 36 ஒத்திருந்தால், இருவருக்கும் ஆண்வழியில் பொதுவான மூதாதையர் ஒருவர் இருந்திருக்கக் கூடும். அவர் பெயரையோ, சரியாக எத்தனையாவது தலைமுறை என்பதையோ பரிசோதனை சொல்லாது.

ஓர் உதாரணம் பாருங்கள். அமெரிக்காவின் 3ஆவது ஜனாதிபதி தோமஸ் ஜெபர்சன், தம்மிடம் அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸ் மூலம் பிள்ளைகள் பெற்றாரா என்பது நீண்டகாலச் சர்ச்சை. 1998இல் வெளியான ஆய்வில், ஜெபர்சனுடைய வாப்பாவின் சகோதரர் வழிவந்த ஆண்களின் மாதிரி, சாலியின் மகன் எஸ்டன் வழிவந்த ஒருவரின் மாதிரியோடு பொருந்தியது. ஆனால் அது காட்டியது, எஸ்டனின் தந்தை ஜெபர்சன் குடும்பத்து ஆண் ஒருவர் என்பதை மட்டுமே. அவர் தோமஸ்தான் என்று வரலாற்றாசிரியர் பலர் முடிவுக்கு வந்தது, எழுத்துச் சான்றுகளையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான்.

முடிவில் 'ஜே1' போன்ற ஒரு குழுப் பெயரும் இருக்கும். அரபுத் தீபகற்பத்தில் ஜே1 மிகுதி என்பதால், "நாங்கள் அரபு வம்சம்" என்று சிலர் மார்தட்டுகிறார்கள். அதே குழு யூதர்களிடமும் கௌகாசிய மலைநாட்டவரிடமும் உண்டு. இஸ்லாத்துக்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முந்தியது அது. ஜே1 வராதவருக்கு அரபு மூதாதையர் இல்லை என்றும் ஆகாது. பத்துத் தலைமுறை பின்னே போனால் 1024 மூதாதையருக்கு இடமுண்டு. இப்பரிசோதனை காண்பது அவர்களில் ஒருவரையே. உம்மா வழியை அது தொடுவதே இல்லை.

கிழக்கு மாகாணச் சகோதரிகள் இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் குடி தாய்வழியாக வருவது. எனவே ஒரே குடியைச் சேர்ந்த இரு ஆண்கள் இப்பரிசோதனையில் பொருந்தாவிட்டால் அதில் வியப்பேதும் இல்லை.

சரி, ஒரே பாட்டனார் வழியென்று நம்பிய இருவர் பொருந்தவில்லை என்றால்? எடுத்து வளர்த்த பிள்ளையாக இருக்கலாம். முந்திய கணவரின் பிள்ளையாக இருக்கலாம். வாய்வழி வந்த வம்சாவளியில் பிழை இருக்கலாம். இவற்றையெல்லாம் விட்டுவிட்டு ஒரு பெண்ணின் கற்பைப் பேசுவது பெரும் பாவம். சூரத்துந் நூர், கற்புள்ள பெண் மீது பழி சுமத்துவோரிடம் நான்கு சாட்சிகளைக் கேட்கிறது. ஆய்வுகூடத்துக் கடதாசி அந்தச் சாட்சிகளில் ஒன்றல்ல.

2002இல் மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹு சபையும், மார்க்கப்படி நிலைபெற்ற நஸபைச் சரிபார்க்க இப்படியான மரபணுப் பரிசோதனையை நாடக் கூடாது; லிஆனுக்குப் பதிலாக அதைக் கொண்டு பிள்ளையை மறுக்கவும் கூடாது என்று முடிவு செய்தது. ஆஸ்பத்திரியில் குழந்தைகள் மாறிப்போவது போன்ற நிலைமைகளில் அதை அனுமதித்தது.

ஆகவே சகோதரிகளே, வீட்டில் யாரும் மாதிரி அனுப்புமுன் மஷூரா செய்யுங்கள். வரும் முடிவு அவர் ஒருவருடையது மட்டுமல்ல, சாச்சா, பெரியவாப்பா பிள்ளைகளுடையதும்தான் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். அத்தோடு, வீட்டு மூத்தவர்களிடம் கேட்டு உம்மாவின் உம்மா, அவருடைய உம்மா ஆகியோரின் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அந்தக் கடதாசியில் அவர்களுக்கு இடமில்லை. நம் நினைவிலும் துஆவிலுமாவது இருக்கட்டும்.