கண்ணைக் கட்டிக்கொண்டு கேளுங்கள்

பாட்டு கேட்பதற்கென்றே தனியாகக் கம்ப்யூட்டர் விற்கிறார்கள். உள்ளே இருப்பது வழக்கமான பிராசசர்தான். கனத்த அலுமினியப் பெட்டி, தனி பவர் சப்ளை, விசிறி கிடையாது, விலை மட்டும் லட்சங்களில். பழைய லேப்டாப்பில் அமுங்கிக் கிடந்த வயலின் இதில் தனித்து ஒலிக்கிறது என்று வாங்கியவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. ஆனால் அவர்கள் காதில் விழுந்தது கம்ப்யூட்டரின் வித்தியாசம்தானா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

கம்ப்யூட்டரின் வேலை எண்களை எடுத்துக் கொடுப்பது. 1982இல் சந்தைக்கு வந்த சிடியின் கணக்குப்படி, ஒரு நொடிப் பாட்டு என்பது இடதுக்கும் வலதுக்கும் தலா 44,100 எண்கள். ஒவ்வொன்றும் 16 பிட். அவற்றை மின்னலையாக மாற்றுவது 'டாக்' என்ற கருவி. டாக்கை வெளியே தனியாக வைத்து யுஎஸ்பி கேபிளில் இணைத்துவிட்டால், மலிவான லேப்டாப்பும் லட்ச ரூபாய்ப் பெட்டியும் அதற்கு அனுப்புவது ஒரே எண்களைத்தான். இரண்டையும் பதிவுசெய்து ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் மிச்சம் பூஜ்யம். எண்கள் சரி, அவை வந்துசேரும் நேரம் பிசகினால் என்ன ஆகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, 'ஜிட்டர்' என்று சொல்வது அதைத்தான். ஆனால் இன்றைய யுஎஸ்பி டாக்குகளில் பெரும்பாலானவை தம் சொந்தக் கடிகாரத்தில் ஓடுகின்றன. தேவையானபோது கம்ப்யூட்டரிடம் கேட்டு வாங்கிச் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. 2005இல் ஜப்பானில் வெளியான ஓர் ஆய்வில், பிசகு பல நூறு நானோநொடியை எட்டிய பிறகுதான் ஒலித்துறையில் பழகிய காதுகளுக்கே அது தெரிந்தது. நல்ல டாக்கில் அது ஒரு நானோநொடியைக்கூடத் தொடுவதில்லை.

அப்படியானால் எல்லா லேப்டாப்பும் ஒரே மாதிரிதான் ஒலிக்குமா என்றால், இல்லை. இயர்போனை நேரே லேப்டாப்பில் செருகிக் கேட்பவர்களுக்கு வித்தியாசம் நிஜம். ஒலிச் சிப் மதர்போர்டிலேயே, கிராபிக்ஸ் சிப்புக்கும் பவர் பகுதிக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. சில இயந்திரங்களில் மவுஸை நகர்த்தினாலே காதில் 'கிர்' என்று கேட்கும். சார்ஜரைச் செருகியதும் ஸ்பீக்கரில் ஓர் உறுமல் கிளம்பி, பிடுங்கியதும் அடங்கினால், அது எர்த் வழியாக வரும் கோளாறு. இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: பாஸை ஏற்றி, குரலைத் தூக்கிக் காட்டும் 'மேம்பாட்டு' மென்பொருளை லேப்டாப்போடு சேர்த்தே தந்துவிடுகிறார்கள். இரண்டு லேப்டாப்பை ஒப்பிடுவதாக நினைத்துக்கொண்டு பலர் ஒப்பிடுவது இந்த மென்பொருள்களைத்தான். செட்டிங்கில் போய் அதை அணைக்கச் செலவில்லை. மற்றக் கோளாறுகளில் பலவும் சில ஆயிரம் ரூபாய் டாக்கோடு தீர்ந்துவிடும். அதற்கு மேல் கொட்டும் பணத்துக்குத்தான் ஆதாரம் கேட்கிறேன்.

ஆதாரம் எதிர்ப்பக்கம்தான் குவிந்திருக்கிறது. 1994இல் ஹார்மன் நிறுவனத்தின் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் தங்கள் ஊழியர்களையே உட்காரவைத்து ஸ்பீக்கர்களுக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். பார்த்துக்கொண்டே கேட்டபோது பெரிய, விலையுயர்ந்த ஸ்பீக்கர்கள் ஏறி நின்றன. திரை போட்டு மறைத்ததும் அந்த இடைவெளி சுருங்கியது. ஸ்பீக்கர்களுக்கு இடையே உள்ள நிஜமான வித்தியாசத்தையே கண் இப்படிப் புரட்டுமென்றால், கம்ப்யூட்டர் எம்மாத்திரம்! 2007இல் மேயர், மோரன் என்ற இரு ஆய்வாளர்கள், உயர்தரப் பதிவுகளை அப்படியே ஒருமுறையும் சிடி தரத்துக்கு இறக்கி ஒருமுறையும் போட்டுக் காட்டினார்கள். 554 முயற்சிகளில் சரியான பதில் 276. காசு சுண்டிப் பார்த்திருந்தாலும் இதே கணக்குதான் வந்திருக்கும். சத்தத்தின் அளவையும் மறக்கக் கூடாது. ஒன்று மற்றதைவிட அரை டெசிபல் கூடுதலாக ஒலித்தால், சத்தம் கூடியது என்று நமக்குத் தோன்றாது. 'தெளிவாக இருக்கிறது' என்றுதான் தோன்றும்.

"காதுக்குத் தெரிவது கருவிக்குத் தெரியாது" என்பார்கள். கருவியை நம்பச் சொல்லி யார் கேட்டது? மறைத்து வைத்துக் கேட்கும் சோதனையில் காதைத் தவிர வேறெதற்கும் வேலையில்லை. விலைச்சீட்டைத்தான் ஒதுக்கி வைக்கிறோம். இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. 2016இல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரீஸ் 18 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, உயர்தரப் பதிவை மனிதர்களால் ஓரளவு பிரித்தறிய முடிகிறது என்று காட்டினார். சரியான பதில்கள் 100க்கு சுமார் 52. பயிற்சி பெற்றவர்களிடம் இன்னும் கூடுதல். இதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அங்கே எண்களே வேறு. இங்கே, இரண்டு கம்ப்யூட்டரிலிருந்தும் போவது ஒரே எண்கள். சந்தேகம் தீராதவர்கள் சத்தத்தைச் சமப்படுத்திக்கொண்டு, எது ஓடுகிறது என்று தெரியாமல் 16 முறை கேட்டுப் பார்க்கட்டும். 12 முறையாவது சரியாகச் சொன்னால், நானும் வாயை மூடிக்கொள்கிறேன்.

கையில் பணம் இருந்தால் ஸ்பீக்கருக்குப் போடலாம். அறைக்கும் கொஞ்சம் ஒதுக்கலாம். டைல்ஸ் தரையும் வெறுஞ்சுவரும் உள்ள நம் வீட்டு ஹால்களில், ஒரு கம்பளமும் கனத்த திரைச்சீலையும் போட்டாலே எதிரொலி அடங்கும். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வைத்தால் பாஸ் மாறுவதைக் கேட்கலாம். அதற்குக் காசே வேண்டாம்.