நெற்றியில் இடத் தகுந்த பொடி

கேரளத்துப் பகவதி கோயில்களில் நடக்கும் களமெழுத்துப் பாட்டில், பலருக்கும் வியப்பைத் தருவது அதன் முடிவு. மணிக்கணக்கில் குனிந்து உட்கார்ந்து தரையில் நிறப்பொடியால் வரைந்த பத்ரகாளியை, பூஜையும் பாட்டும் ஆனபின் கலைத்துவிடுவார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அதற்கடுத்த காரியம். கலைந்து ஒன்றாகிப்போன பொடியை அள்ளி, வந்தவர்களுக்குப் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். அவர்களும் அதை வாங்கி நெற்றியில் இட்டுக்கொள்கிறார்கள். தரையில் கிடந்த பொடி எப்படி நெற்றிக்கு ஏறுகிறது? பக்தி ஒரு காரணம். அந்தப் பொடி எதனால் ஆனது என்பது இன்னொரு காரணம்.

களம் எனப்படும் அந்தத் தரைச் சித்திரத்துக்கு ஐந்து நிறங்கள். வெள்ளைக்கு அரிசி மாவு. மஞ்சளுக்கு மஞ்சள்தூள். கறுப்புக்கு, நெல் உமியைக் கருக்கி எடுத்த கரி. பச்சைக்கு, வாகை போன்ற மரங்களின் இலையை உலர்த்தி இடித்த தூள். சிவப்புக்கு, மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்த கலவை. இவ்வளவுதான் சாமான். வயலும் தோட்டமும் அடுக்களையும் கொடுக்காத எதுவும் இதில் கிடையாது.

அந்தச் சிவப்பு நமக்கும் பழக்கமானதே. மணமக்களை வாசலில் நிறுத்திச் சுற்றும் ஆரத்தித் தட்டில் இருப்பதும் அதுதான். மஞ்சளில் உள்ள குர்குமின் என்னும் நிறமி, சுண்ணாம்பின் காரம் பட்டதும் சிவந்துவிடும். வேதியியல் பாடம் படிக்காத கைகள் கண்டுபிடித்து, தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றிக் கொடுத்த சிவப்பு அது.

இந்தக் கலையைக் குலத்தொழிலாகக் கொண்ட குறுப்புமார், தூரிகை எதையும் தொடுவதில்லை. பொடியை அள்ளி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே கசியவிடுகிறார்கள். உருவம் மெல்ல நிறைந்துவருகிறது. தேவியின் மார்பைத் தானியம் குவித்து மேடாக்கி, அதன்மேல் நிறம் தூவுவதும் உண்டு. வைக்கம் மகாதேவர் கோயிலில் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் வடக்குப்புறத்துப் பாட்டில், முதல் நாட்களில் எட்டுக் கைகளோடு எழுதப்படும் காளி, நாள் செல்லச் செல்ல வளர்ந்து கடைசி நாளில் 64 கைகளோடு விரிகிறாள். அத்தனை பெரிய உருவத்துக்கும் சாமான் அதே ஐந்து பொடிதான். நாகங்களுக்கு இடும் சர்ப்பக் களத்தில், புள்ளுவர் என்னும் பாடகர் குலத்தினர் குடமும் வீணையும் இசைத்துப் பாட, அருள் வந்த பெண்கள் கமுகம் பூக்குலையோடு ஆடி, தரையில் புரண்டு, கூந்தலாலேயே நாகங்களைக் கலைப்பார்கள். உடம்பெல்லாம் பொடி அப்பிக்கொள்ளும். தோலுக்கும் கண்ணுக்கும் ஆகாத பொருளாக இருந்தால் இந்த வழிபாடே நடந்திருக்காது.

நம் பக்கத்துப் பூஜையறையிலும் இதே அறிவு இருந்தது. பச்சரிசியை ஊறவைத்து அரைத்து, துணித்துண்டை அதில் நனைத்து, விரலிடுக்கில் பிழிந்தபடி இழுக்கும் இழைக்கோலம், சுற்றிலும் காவி. வெள்ளிக்கிழமை சாமி முன்னால் போடும் ஹிருதய கமலம். வாசலில் உதிர்த்த அரிசி மாவை எறும்பும் அணிலும் தின்னும். கோலம் போடுவதில் பாதி புண்ணியம் அதில்தான் என்று சொல்லிக்கொடுத்தே பாட்டிமார் நம்மைப் பழக்கினார்கள்.

அண்மையில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தேன். ஹோம குண்டத்தைச் சுற்றி அழகான தாமரை. கண்ணைப் பறிக்கும் ஊதா, ரோஜா, பச்சை. எல்லாம் கடையில் பொட்டலமாக விற்கும் சாயப்பொடி. பூஜை முடிந்தது. சாம்பலை நெற்றிக்கு எடுத்துக்கொண்டார்கள். நிறப்பொடியைப் பெருக்கி, பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்பினார்கள். செடிக்குப் போடலாமா என்று ஒரு அம்மாள் கேட்டதற்கு, “வேண்டாம்மா, செடி பட்டுப்போயிடும்” என்றார் அந்த வீட்டுப் பெரியவர். சற்று முன்னால் மந்திரம் சொல்லித் தெய்வத்தை அமர்த்திய இடம் அது. செடிக்கு ஆகாது என்று நாம் அஞ்சுகிற ஒன்றைத் தெய்வத்துக்கு ஆசனமாக இட்டிருக்கிறோம் என்பது என்னை உலுக்கியது.

அரிசி மாவின் இடத்துக்கு வந்துவிட்ட கல்மாவு பளிச்சென்று வெளுப்பாக இருக்கிறது, கையில் ஒட்டாமல் உதிர்கிறது, விலையும் குறைவு. உண்மைதான். விடியுமுன் வாசல் தெளித்து, கோலம் போட்டு, வேலைக்கும் ஓடுகிற பெண்களிடம் போய்ப் பழைய முறையைப் பேசுவது எளிது. அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்காது. தெருவை அடைத்துப் போடும் பொங்கல் கோலத்துக்கு வண்ணம் வேண்டும்தான். அந்தக் கொண்டாட்டத்தில் எனக்கும் மகிழ்ச்சி உண்டு.

ஆனால் பூஜைக்கென்று தரையில் இடுவது ஒரு சாண், ஒரு முழம். அதற்குக் கைப்பிடி பச்சரிசி போதும். மாவை மிகவும் நைசாக அரைத்தால் விரலில் ஒட்டும். கொஞ்சம் கொரகொரப்பாக இருந்தால் தாராளமாக உதிரும். மஞ்சள் வீட்டில் இருக்கிறது. அதில் சிறிது சுண்ணாம்பைப் பிசைந்து நிழலில் உலர்த்திப் பொடித்தால் சிவப்பு. முருங்கை இலையோ வேப்பிலையோ காய்ந்தால் பச்சை. ஊதாவும் ரோஜாவும் கிடைக்காது. களத்தில் எழுந்தருளும் காளிக்கும் அவை கிடைக்கவில்லை, அவளுடைய உக்கிரம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

ஹோமத்துக்கு நாள் குறிக்கும்போதே புரோகிதரிடம் இதைச் சொல்லிவிடலாம். “கோலப்பொடி நாங்களே செய்து வைக்கிறோம்” என்றால் மறுப்பவர் அதிகம் இருக்க மாட்டார்கள். பூஜை முடிந்து அந்தப் பொடியைக் கூட்டி எடுக்கும்போது, குழந்தையின் நெற்றியில் தயங்காமல் வைக்க முடிய வேண்டும். மிச்சத்தைத் துளசிமாடத்தில் போட முடிய வேண்டும். அதற்கு மனம் தயங்குமானால், அந்தப் பொடி தெய்வத்தின் முன்னாலும் வேண்டாம்.