பெயருக்கும் ஒரு மனை வேண்டும்

'வெள்ளி' என்பது ஒரு கிழமை. ஓர் உலோகமும் அதுவே. "வெள்ளி வருகிறேன்" என்பவரும் "வெள்ளி உருகிற்று" என்பவரும் ஒரே சொல்லை ஆளினும் கேட்போர் மயங்குவதில்லை. வினை, இனம், சார்பு, இடம் ஆகியவற்றாற் பொருள் துணியப்படும். அவற்றால் விளங்காதவிடத்துச் சிறப்புச் சொல் சேர்த்து உரைக்கப்படும் என்பது நன்னூலார் கொள்கை.

இத்தெளிவு 'சி' என்னும் கணனி மொழிக்கு இன்றும் வாய்க்கவில்லை. ஒரு வகைக்குரிய மதிப்புகளை நிரைப்படுத்திப் பெயரிடும் பெயர்ப்பட்டியல்கள் அம்மொழியில் உள. கிழமைப் பட்டியலில் 'வெள்ளி' இடம்பெற்றதாகக் கொள்வோம். அதே எல்லையுள் உலோகப் பட்டியலிலும் அது வருமாயின், இப்பெயர் ஏலவே அறிவிக்கப்பட்டுள்ளது எனத் தொகுப்பான் நிரலை மறுத்துவிடும். காரணம் யாது? பட்டியலின் உறுப்புகள் பட்டியலுள் அடங்காது, அதனைச் சூழ்ந்த பொதுவெளியிற் சென்று ஏனைய பெயர்களோடு கலந்துவிடுகின்றன. இத்தனைக்கும், கட்டமைப்பு வகை ஒவ்வொன்றன் உறுப்புகளுக்கும் தனியான பெயர்வெளியை அதே மொழி வழங்குகின்றது! ஒரு பிள்ளைக்கு மனை, மறுபிள்ளைக்குத் தெருவா?

இதனினும் கொடியது பிறிதொன்று. உள்ளெல்லையில் அதே பெயருடைய மாறி ஒன்று தோன்றின், தொகுப்பான் அண்மையிலுள்ளதையே கொள்ளும். பட்டியற் பெயர் ஓசையின்றி மறைந்துபோகும், பிழைச்செய்தியும் வாராது.

நிரல் எழுதுவோர் கவனமாகப் பெயரிட்டாற் போதுமே என வாதிடுவோர் உளர். 'கிழமை_வெள்ளி', 'உலோகம்_வெள்ளி' என முன்னொட்டுச் சேர்ப்பதே அவர்கள் காட்டும் வழி. மொழி ஆற்றவேண்டிய பணியை மனிதர் தலையிற் சுமத்துவதன்றி இது வேறென்ன? அம்முன்னொட்டுத் தொகுப்பானுக்கு வெறும் எழுத்துக் கூட்டமே. உறவை அது அறியாது.

வேறு வழி இருக்கவில்லை என்றும் கூறவியலாது. 1983 இல் தரப்படுத்தப்பெற்ற அடா மொழி, இரு பட்டியல்களில் ஒரே பெயர் வருதற்கு இடமளித்தது. எதிர்பார்க்கப்படும் வகை எதுவெனச் சூழலை நோக்கிப் பொருள் துணிந்தது; துணிய முடியாதவிடத்து வகையின் பெயரை முன்வைத்துரைக்கச் செய்தது. நன்னூலார் நெறிக்கு இது எத்துணை அணித்தாயுள்ளது! தொகுப்பானின் வேலை இதனாற் கடினமாயிற்று என்பது மெய்யே. ஆயின், தொகுப்பானை ஆக்குவோர் சிலர். அதனைக் கொண்டு நிரல் எழுதுவோரோ மிகப் பலர்.

சி பிளஸ் பிளஸ் மொழி எல்லைகொண்ட பெயர்ப்பட்டியலைத் தன் தரத்திற் சேர்த்தது 2011 இலேயாம். அடாவுக்குப் பின் 28 ஆண்டுகள்! நீண்ட பெயரை எழுதுதல் சலிப்பூட்டும் என்பாருக்கும், வேண்டிய எல்லையுள் மட்டும் பட்டியலைத் திறந்துகொள்ளும் வசதியை 2020 ஆம் ஆண்டுத் தரம் அளித்தது. பழைய வடிவமோ இன்றும் நீங்கியபாடில்லை.

இடறி விழும் மாணவனைக் கவனமற்றவன் எனக் கடிவதை விடுத்து, இடறச் செய்யும் விதியைத் திருத்துவதே அறிவுடைமை.