எல்லாருக்கும் ஒரு சுடுதளம்!

10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் குறியின் நடுப்புள்ளி எவ்வளவு பெரியது தெரியுமா? அரை மில்லிமீட்டர்தான்! 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இதில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ராவுக்கு வீட்டிலேயே சுடுதளம் இருந்தது. வசதி இல்லாதவர்கள் என்ன செய்வது? கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன், குஜராத்தில் வளர்ந்து, பயிற்சி பெற்றுத்தான் 2 ஒலிம்பிக் போட்டிகளில் ஆடினார். நம் செங்கல்பட்டு மாவட்டம், ஒத்திவாக்கத்தில் உள்ள சுடுதளம் காவல்துறைக்கானது. நெம்மேலி மீனவர் வீட்டுப் பிள்ளை எங்கே போவது?

புத்தகம் வாங்க முடியாதவருக்குப் பொது நூலகம் இருக்கிறதல்லவா? அதுபோல, அரசு மானியத்தில் பொதுச் சுடுதளங்கள் வர வேண்டும். ஏர் ரைபிளுக்குப் பெரிய மைதானம் வேண்டாம். தடுப்புச் சுவருள்ள நீண்ட கூடமும், நல்ல பயிற்சியாளரும் போதும். அவர் சொல்லாமல் துப்பாக்கியைத் தொடக் கூடாது என்பதே முதல் பாடம். பதக்கம் வராவிட்டாலும் பொறுமை வருமே!